இரண்டேகால் அடி ‘விஜய’

மரத்தில் கப்பல் செய்விக்க வேண்டும், திருகோணமலையில் யாரிடம் போவது என்று இரண்டு மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்வித்த பட்டறைக்குத் தாராளமாகப் போகலாம், கொடுத்த காசுக்கு வேலை இருக்கிறது. ஆனால் படமும் அளவும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும், வேலை நடக்கும்போது ஒருமுறையாவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும், மாரி தொடங்குகிற நேரத்தில் ஓடர் கொடுக்கவே கூடாது.

பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. உட்துறைமுக வீதியிலிருந்து பிரிகிற ஒழுங்கை ஒன்றில் தகரம் போட்ட தாழ்வாரம், பலா மரம் சீவிய வாசம் ஒழுங்கை முனைக்கே வந்துவிடும், அதைப் பிடித்துக்கொண்டு போனால் சரி. நடத்துபவரை எல்லோரும் ஓடாவியார், அதாவது தச்சர், என்றுதான் கூப்பிடுகிறார்கள். அறுபது தாண்டியவர். தகப்பனோடு சேர்ந்து வள்ளம் கட்டிப் பழகியவர், ஃபைபர் போட் வந்து மர வள்ளத்துக்கு வேலை இல்லாமல் போனதும் கதவு, யன்னல், அலுமாரி என்று கொஞ்சக் காலம் போயிருக்கிறார், அப்புறம் உல்லாசப் பயணிகள் வரத் தொடங்க, வீட்டில் வைக்கிற கப்பல்கள் செய்ய ஆரம்பித்திருக்கிறார். கைப்பழக்கம் இன்னும் வள்ளக்காரனுடையதுதான். அது நன்மையாகவும் இருந்தது, ஒரு இடத்தில் கெடுதலாகவும் இருந்தது, சொல்கிறேன்.

தட்டில் அடுக்கியிருந்தவை அநேகமாகப் பாய்க்கப்பல்கள். எச்.எம்.எஸ். திருகோணமலை எப்போதும் இரண்டு மூன்று தயாராக நிற்கும், அதற்குத்தான் கிராக்கி என்றார். நம் ஊர்ப் பெயர் தாங்கிய அந்தக் கப்பல் 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டப்பட்டது, இன்றைக்கும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்ற இடத்தில் மிதந்துகொண்டிருக்கிறது, ஆகவே வெள்ளைக்காரர்கள் விரும்பி வாங்குவதில் ஆச்சரியம் இல்லை. பக்கத்தில் விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் ஒன்றும் இருந்தது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்ட கப்பல் அது. எல்லாம் சரி. ஆனால் தட்டு முழுக்கத் தேடியும் இந்த நாட்டுக் கடற்படைக் கப்பல் ஒன்றுகூட இல்லை. இத்தனைக்கும் கடற்படைத் தளமான டொக்யாட்டின் வாசல் அங்கிருந்து கூப்பிடு தூரம்.

நான் கேட்டது ‘விஜய’. ஓடாவியார் நிமிர்ந்து பார்த்தார். “அப்பிடி ஒண்டு இருந்ததோ தம்பி?” என்று கேட்டார். இருந்தது ஐயா, எங்கள் பெரியப்பா அதில் பொயிலர் பார்க்கிற ஸ்டோக்கராக இருந்தவர் என்றேன். அவர் கையிலிருந்த உளியைக் கீழே வைத்துவிட்டு வாங்கைத் துடைத்து என்னை இருக்கச் சொன்னார். அந்த இடத்திலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

விஜய பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இலங்கையின் கடற்படை 1950 டிசம்பர் 9 அன்று றோயல் சிலோன் நேவி என்ற பெயரில் தொடங்கியது. சுதந்திரம் கிடைத்து இரண்டு வருடம், கையில் ஒன்றும் இல்லை. முதல் போர்க்கப்பலாகக் கிடைத்தது பிரித்தானியர் கொடுத்த ஒரு கண்ணிவாரிக் கப்பல், அதாவது கடலில் போட்ட கண்ணிவெடிகளை அகற்றுகிற கப்பல். இரண்டாம் உலகப் போரின்போது கனடாவில் கட்டியது, அல்ஜெரின் என்ற வகை, முந்திய பெயர் ஃப்ளையிங் ஃபிஷ், அதாவது பறவை மீன். அதற்கு விஜய என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒரு சின்ன நாட்டுக் கடற்படை இப்படித்தான் வளரும், இன்னொருவர் பாவித்த கப்பலுக்குப் புதுப் பெயர் எழுதி. 1959இல் வந்த மகாசேன, கஜபாகு என்ற இரண்டு ஃபிரிகேட்டுகளும் கனடாவில் கட்டி, இஸ்ரேல் பாவித்து, பிறகு இங்கே வந்தவைதான். 1972இல் சீனா கொடுத்த ஐந்து ஷங்ஹாய் ரகப் பீரங்கிப் படகுகள், இன்றைக்கு நிற்கும் பெரிய கப்பல்களில் இந்தியாவிடமிருந்து வந்த சயுர, அமெரிக்கக் கரையோரக் காவல்படையிடமிருந்து வந்த சமுதுர, எல்லாம் அதே கதை. இதில் குறைவாக நினைக்க ஒன்றும் இல்லை என்பது என் எண்ணம். அந்தக் கப்பல்களை ஓட்டிப் பழகியவர்கள் நம் ஊர்ப் பெடியன்கள், பழைய பொயிலரை வைத்து ஓட்டுவது புதிய பொயிலரை வைத்து ஓட்டுவதைவிடக் கஷ்டம்.

பெரியப்பா சேர்ந்தது 1957இல், பத்தொன்பது வயதில். அந்த வருடம் ஒக்டோபர் 15ஆம் தேதிதான் பிரித்தானியர் திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தார்கள். ஊரில் டொக்யாட் வேலையை நம்பியிருந்த குடும்பங்கள் எத்தனையோ, வெள்ளைக்காரன் போகிறான், இனி அடுப்பு எரியுமா என்று பயந்துகொண்டிருந்த நேரம். எங்கள் பாட்டாவும் அங்கே ஃபிட்டர். அவர்தான் மகனைக் கூட்டிக்கொண்டுபோய் நேவியில் சேர்த்திருக்கிறார்.

சரி, வேலைக்கு வருகிறேன். அளவு நூற்றுக்கு ஒன்று என்று பேசினோம். இது வசதியான அளவு, நீங்களும் இதையே கேளுங்கள், ஏனென்றால் கணக்குப் பிழைத்தால் உடனே தெரிந்துவிடும். விஜய 225 அடி நீளம், மாதிரி இரண்டேகால் அடி. அகலம் முப்பத்தைந்தரை அடி, மாதிரியில் நாலேகால் அங்குலம். உடல் பலா, மேல்தளம் தேக்கு, பாய்மரமும் கம்பிகளும் பித்தளை. இணையத்தில் கிடைத்த அல்ஜெரின் வகைக் கப்பலின் வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்துக் கொடுத்தேன், பெரியப்பாவிடம் இருந்த ஒரேயொரு படத்தின் பிரதியையும் கொடுத்தேன். அந்தப் படத்தில் கப்பலைவிட அதன் முன்னால் நிற்கிற பெடியன்கள்தான் பெரிதாகத் தெரிகிறார்கள், இருந்தாலும் பின்பக்கம் கொஞ்சம் விளங்கும்.

மூன்றாம் கிழமை அளவுநாடாவோடு போனேன். அகலம் நாலே முக்கால் அங்குலம் இருந்தது. அரை அங்குலம்தானே என்று நினைக்கக் கூடாது, உண்மையான கப்பலில் அது நாலு அடிக்கு மேல். வள்ளக்காரன் கை என்று சொன்னேனே, அது இங்கேதான். வயிறு கொஞ்சம் தள்ளிக்கொண்டு, மீன் ஏற்றுகிற போட் மாதிரி நின்றது. சொன்னதும் அவர் மறுத்துப் பேசவில்லை, நாடாவை வாங்கித் தானே இரண்டு தரம் அளந்தார், “ஓம், என்ர பிழை” என்று சொல்லிவிட்டு அப்போதே இழைப்புளியை எடுத்தார். மேல்தளம் பொருத்துவதற்கு முன்னால் போனது நல்லதாகப் போய்விட்டது. ஒரு கிழமை பிந்தியிருந்தால் உடலையே புதிதாகச் செய்ய வேண்டி வந்திருக்கும்.

இந்தக் கப்பலின் உயிர் பின்பக்கத்தில் இருக்கிறது. முன்னால் நாலு அங்குலப் பீரங்கி ஒன்று, அது எந்தக் கடையில் கேட்டாலும் செய்து தருவார்கள். பின்னால் இருக்கிற கண்ணிவாரும் சாமான்களை ஒழுங்காகச் செய்யாவிட்டால் அது வேறு ஏதோ கப்பல். நான் அதை ஓடாவியாருக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று யோசித்துக்கொண்டு போனேன். கடலுக்கு அடியில் நங்கூரக் கம்பியில் கட்டி மிதக்க விட்ட கண்ணிவெடி, அதன் கம்பியை அறுக்க வேண்டும், அதற்குக் கப்பல் பின்னாலிருந்து நீளமான ஒரு வயரை இழுத்துக்கொண்டு போகும், வயரின் நுனியில் சுருட்டு மாதிரி ஒரு மிதவை, மிதவைக்குக் கீழே ஒரு பலகை, தண்ணீர் அந்தப் பலகையைத் தள்ளத் தள்ள வயர் கப்பலுக்குப் பின்னால் நேரே வராமல் பக்கவாட்டில் விரிந்து வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் இடையில் கையைக் காட்டினார். “இழுவை மடிக்குக் கட்டுற பலகையைத்தானே சொல்லுறீர்?” என்றார்.

அதேதான். மீன் பிடிக்கிற இழுவை வலையான மடியின் வாயை விரித்து வைப்பதற்குக் கட்டுகிற பலகையும் கண்ணிவாரிக்குக் கட்டுகிற பலகையும் செய்வது ஒரே வேலை. வெளிநாடுகளில் போர் வந்தபோது இழுவைப் படகுகளையே கண்ணிவார எடுத்தார்கள் என்பதும் இதனால்தான். அதற்குப் பிறகு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவர் என்னிடம் கேட்கத் தொடங்கினார். வயர் எவ்வளவு ஆழத்தில் போகும், கப்பலுக்குக் கிட்ட அதைக் கீழே அமுக்கி வைக்க இன்னொரு பலகை வேண்டுமே அது எங்கே, வின்ச் எந்தப் பக்கம் சுற்றும். அந்த இன்னொரு பலகையைப் பற்றி நான் சொல்லவே இல்லை, அவராகவே ஊகித்துக் கேட்டார், வரைபடத்தில் பார்த்தால் இருக்கிறது. கண்ணியின் கம்பி வயரில் மாட்டி, வழுக்கிக்கொண்டு வந்து வயரில் பொருத்தியிருக்கிற கத்தரியில் விழுந்து அறுந்ததும் வெடி மேலே மிதந்து வரும், துப்பாக்கியால் சுட்டு அழிப்பார்கள் என்று நான் முடித்தபோது, சாயம் கலக்குகிற அவருடைய மகனும் வேலையை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றான்.

செய்து முடித்த வின்ச்சைக் கையில் எடுத்துப் பார்த்தேன், பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. தேக்கில் கடைந்த உருளை, அதில் மெல்லிய செப்புக் கம்பியை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாகச் சுற்றி, நுனியை மிதவை வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார். மிதவைகள் முதலில் உருண்டையாக, வலையில் கட்டுகிற மிதவை மாதிரி இருந்தன, சொன்னதும் மாற்றிவிட்டார். இப்போது இரண்டு பக்கமும் கூர்ந்து, அசல் சுருட்டு. இந்தப் பின்பக்கத்துக்காகவே நான் யாருக்கும் இந்தப் பட்டறையைச் சொல்லுவேன்.

இனிக் குறைகள். ஆறு கிழமை என்றார், பதினொரு கிழமை எடுத்தது. பாதிக் காரணம் மழை. நான் ஒக்டோபர் நடுவில் ஓடர் கொடுத்தேன், நவம்பரில் வாடை பிடித்துவிட்டது, சாம்பல் நிறச் சாயம் மூன்று நாளாகியும் விரலில் ஒட்டியது, அதன்மேல் அவசரப்பட்டு வார்னிஷ் அடித்ததில் இடது பக்கம் தண்ணீர்க்கோட்டுக்கு மேலே ஒரு முழம் அளவு, மன்னிக்கவும், ஒரு விரல் நீளத்துக்குத் திரைந்து போயிற்று. உரசி மறுபடி அடித்துத் தந்தார், இருந்தாலும் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தால் அந்த இடம் தெரிகிறது. சித்திரைக்குப் பிறகு, கச்சான் காற்று வீசுகிற காலத்தில் கொடுங்கள், சாயம் ஒரே நாளில் காயும். மீதிப் பாதிக் காரணம் அவர் தொலைபேசி எடுக்காதது. நேரில் போனால் மரியாதையாகப் பேசுகிற மனிதர், ஃபோனில் மட்டும் பிடிக்க முடியாது. கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ செய்விக்கிறவர்கள் ஊரில் ஒருவரைப் பொறுப்பு விடுவது நல்லது.

பெரிய பிழை பெயர்த்தகட்டில். நான் எழுதிக் கொடுத்தது எச்.எம்.சி.ஒய்.எஸ். விஜய. பித்தளைத் தகடு வெட்டுவதற்கு அவர் வெளியே ஒரு கடைக்குக் கொடுப்பார், அங்கே யாரோ எஸ்.எல்.என்.எஸ்., அதாவது ஸ்ரீலங்கா கடற்படைக் கப்பல், விஜய என்று திருத்தி வெட்டிவிட்டார்கள். இன்றைக்கு எல்லாக் கப்பலிலும் அப்படித்தானே இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். ஆனால் அந்த எழுத்துகள் 1972இல் நாடு குடியரசான பிறகு வந்தவை. பெரியப்பாவின் காலத்தில் அது எச்.எம்.சி.ஒய்.எஸ்., மகாராணியின் இலங்கைக் கப்பல். அவர் நேவியை விட்டது 1967இல். அவர் தொப்பியில் போட்டிருக்காத எழுத்தை அவருக்குக் கொண்டுபோய்க் காட்ட எனக்கு மனம் வரவில்லை. தகட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கப்பலை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன்.

பெரியப்பாவுக்கு எண்பத்தேழு வயது. பாலையூற்றில் மகள் வீட்டில் இருக்கிறார். கண் இன்னும் நல்லது, காது கொஞ்சம் மட்டு. கப்பலை மேசையில் வைத்ததும் ஒன்றும் பேசவில்லை. பீரங்கியைப் பார்க்கவில்லை, நான் அவ்வளவு பெருமையாகக் காட்டிய வின்ச்சையும் பார்க்கவில்லை. நேரே புகைக்கூட்டில் கை வைத்தார். மேலே குனிந்து உள்ளே பார்த்தார், சுட்டுவிரலை அதன் வாயில் வைத்து அமர்த்தினார். அது கட்டை, மேலே கறுப்புச் சாயம் மட்டும் பூசியிருந்தது. “இதுக்கு ஓட்டை இல்லையே” என்றார்.

பிறகுதான் பேசத் தொடங்கினார். கப்பல் ஓடும்போது அவர் கடலைப் பார்த்ததே குறைவாம். அவருடைய இடம் புகைக்கூட்டுக்கு நேர் கீழே, பொயிலர் ரூம். எண்ணெய் எரிகிற கப்பல், காற்றையும் எண்ணெயையும் அளந்து விடுவதுதான் வேலை. காற்றுக் குறைந்தால் புகை கறுக்கும், புகை கறுத்தால் மேலே கப்பலைச் செலுத்துகிற தட்டில் நிற்கிற அதிகாரியிடமிருந்து குழாய் வழியே ஏச்சு வரும். “நாங்கள் கீழ நிண்டு செய்யிற வேலை மேல நிக்கிறவனுக்கு இதாலதான் தெரியும்” என்று புகைக்கூட்டை மறுபடி தொட்டார். பாக்கு நீரிணையில் இரவிரவாக ரோந்து போன கதை சொன்னார். அந்தக் காலத்தில் கடற்படைக்கு முக்கிய வேலை இந்தியாவிலிருந்து களவாக வருகிற தோணிகளைப் பிடிப்பது. பிடிபட்டவர்கள் தமிழில் அழுவார்களாம், கீழே நிற்கிற இவருக்குச் சத்தம் கேட்குமாம். அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், நானும் கேட்கவில்லை.

அடுத்த கிழமை கப்பலைத் திரும்பப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். புகைக்கூட்டுக்கு ஓட்டை வேண்டும் என்றால் ஓடாவியார் என்ன நினைப்பாரோ என்று தயங்கித்தான் கேட்டேன். அவர் பெரியப்பா சொன்னதை முழுக்கச் சொல்லச் சொல்லிக் கேட்டார், புகைக்கூட்டைக் கழற்றி, மேலிருந்து அடிவரை குடைந்து, உள்ளே மட்டும் கரி தேய்த்துக் கொடுத்தார். புதிய தகடும் வந்திருந்தது, இந்த முறை எழுத்துச் சரி. இரண்டுக்கும் காசு வாங்கவில்லை. கொடுத்தும் வாங்கவில்லை.

நேவிக் கப்பலை வீட்டில் வைத்திருக்கிறாயா என்று இங்கே இரண்டு பேர் கேட்டார்கள், அதையும் எழுதத்தான் வேண்டும். உள்நாட்டுப் போர்க்காலத்தில் கடலில் இறங்க பாஸ், இத்தனை மணிக்குள் கரைக்கு வா என்ற கட்டுப்பாடு, சோதனை, அதற்கு மேலும் எத்தனையோ, இந்த ஊரில் கடற்படை என்ற சொல் தமிழனுக்கு எதை நினைவுபடுத்தும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் கேள்வியில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அதே கடற்படைக்கு 1960 முதல் 1970 வரை பத்து வருடம் தளபதியாக இருந்தவர் ஒரு தமிழர், ராஜன் கதிர்காமர். அதுவும் கடினமான பத்து வருடம். அரசாங்கத்தைக் கவிழ்க்க நடந்த 1962 சதி முயற்சியில் அவருக்கு முன் தளபதியாக இருந்த றொய்ஸ் டி மெல்லின் பெயர் அடிபட்ட பிறகு அரசாங்கம் கடற்படையைச் சந்தேகமாகப் பார்த்தது, காசு சுருங்கியது, கப்பல்கள் குறைந்தன. இருந்த கொஞ்சத்தை வைத்துக்கொண்டு ஓட்டினார்கள், அந்தக் கொஞ்சத்தில் எங்கள் பெரியப்பாவும் பொயிலருக்கு முன்னால் நின்றார். அது நடந்தது, அதை யாரும் எழுதி வைக்காவிட்டால் நாங்களே மறந்துவிடுவோம். அதனால்தான் கப்பல் மேசையில் இருக்கிறது, யார் வந்து கேட்டாலும் இதையே சொல்கிறேன்.

விலை கேட்பீர்கள். கப்பல் 42,000 ரூபாய், பாதி முற்பணம். கண்ணாடிப் பெட்டி வேறாக 9,500, கட்டாயம் எடுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கம்பிகளுக்கு இடையில் படிகிற தூசியைத் துடைக்க முடியாது. பெட்டியின் அடித்தட்டு ஒட்டுப்பலகை, அதற்குப் பதிலாக மரம் கேட்டால் போட்டுத் தருகிறார், நான் கேட்கத் தவறிவிட்டேன். பொதி கட்டுவது சுமார்தான். பழைய பத்திரிகையும் சணல் கயிறும்தான் வைத்திருக்கிறார், பஸ்ஸில் தூரம் கொண்டுபோகிறவர்கள் ரெஜிஃபோம் வாங்கிக்கொண்டு போங்கள்.

இப்போது கஜபாகுவுக்கு முற்பணம் கொடுத்திருக்கிறேன். 1959இல் வந்த பழைய கஜபாகு, 301 அடி. எந்தக் கஜபாகு என்று ஓடாவியார் கேட்டது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் அமெரிக்காவிடமிருந்து கிடைத்து 2019இல் அதே பெயரில் சேவையில் சேர்த்த கப்பல் இப்போது இருக்கிறது, அது 378 அடி, அதை அவர் வெளியே நிற்கும்போது பார்த்திருக்கிறார். பழையது என்றதும் வரைபடத்தை விரித்து, முதலில் அகலத்தைக் கேட்டு, பென்சிலால் பலகையில் எழுதிக்கொண்டார். மூன்று அடி மாதிரி, ஓட்டோவின் பின் சீட்டில் குறுக்கே வைத்துக் கொண்டுவரலாம், பெட்டியோடு என்றால் வான் பிடிக்க வேண்டும். ஆடி மாதம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். புகைக்கூட்டைக் குடைந்தே செய்வார்.